சம பலம் வேறு, சமநிலை வேறு: பசிபிக் போர்ப் பலகை விளையாட்டு ஓர் எளிய அறிமுகம்

பசிபிக் போரை மையமாக வைத்த பலகை விளையாட்டு ஒன்றைப் பிரித்துக் காய்களை அடுக்கியதும் பெரும்பாலும் ஒரே புகார்தான் எழும்: "ஜப்பானிடம் இவ்வளவு விமானம், இவ்வளவு கப்பல். எதிரே ஒன்றுமே இல்லையே! இது என்ன நியாயம்?" மூன்று மணி நேரம் கழித்து அதே மேசையில் ஜப்பானை ஆடியவர், "அமெரிக்கா கப்பலைக் கொட்டிக்கொண்டே இருக்கிறது, இதை யார் ஜெயிக்க முடியும்?" என்று அலுத்துக்கொள்வார். இரண்டு பேருமே பலகையில் உள்ள காய்களை எண்ணுகிறார்கள். சமநிலையைக் காய்களில் தேடினால் கிடைக்காது.

ஆடு புலி ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். 3 புலி, 15 ஆடு. புலி தாண்டி வெட்டும், ஆட்டால் வெட்ட முடியாது. ஆடுகளும் ஒரேயடியாக வருவதில்லை, ஒவ்வொன்றாகத்தான் பலகையில் இறங்கும். அத்தனை ஆடும் இறங்குவதற்குள் போதுமானதை வெட்டிவிடுவது புலியின் வேலை. அதுவரை தாக்குப்பிடித்து வழிகளை அடைப்பது ஆட்டின் வேலை. இரு தரப்பும் ஒன்றுபோல இல்லை. ஆனாலும் திறமை ஒத்த இருவர் ஆடினால் யார் வேண்டுமானாலும் வெல்லலாம். இந்தக் கட்டுரையில் சமநிலை என்ற சொல்லுக்கு இதுதான் பொருள்: ஒரே திறமையுள்ள இருவர் பலமுறை ஆடினால் வெற்றி ஏறக்குறைய பாதிக்குப் பாதி பிரிவது.

## எந்த விளையாட்டு?

பசிபிக் போர் விளையாட்டுகள் பல உண்டு. இங்கே லாரி ஹாரிஸ் வடிவமைத்து 2009-ல் வெளிவந்த 'ஆக்சிஸ் அண்ட் அல்லைஸ் பசிபிக் 1940'-ஐ எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கம் ஜப்பான் மட்டும். மறுபக்கம் அமெரிக்கா, சீனா, பிரிட்டன், ஆஸ்திரேலியா–நியூசிலாந்து கூட்டுப்படையான ஆன்சாக். எல்லா நாடும் ஒருமுறை ஆடி முடித்தால் அது ஒரு சுற்று. ஜப்பான்தான் முதலில் ஆடும்.

விளையாட்டின் பணத்துக்கு ஐபிசி என்று பெயர். நிலப்பகுதிகளில் எண் அச்சிடப்பட்டிருக்கும். உங்கள் வசம் உள்ள எண்களின் கூட்டுத்தொகைதான் அந்தச் சுற்றில் உங்கள் வருமானம். தொடக்கத்தில் ஜப்பானுக்கு 26, அமெரிக்காவுக்கு 17, பிரிட்டனுக்கு 17, சீனாவுக்கு 12, ஆன்சாக்குக்கு 10.

கூட்டிப் பாருங்கள். முதல் நாளிலேயே நேச நாடுகளின் மொத்த வருமானம் 56, ஜப்பானுடையது 26. காய்களைப் பார்த்து நியாயமில்லை என்று சொன்னவர் வருமானத்தைப் பார்க்கவில்லை. வருமானத்தைப் பார்த்து ஜப்பான் தோற்கும் என்பவரோ அந்த 56 நான்கு நாடுகளாகச் சிதறிக் கிடப்பதைப் பார்க்கவில்லை. சீனாவின் 12 ஐபிசியால் கப்பல் வாங்க முடியாது. அவர்களுக்குக் காலாட்படைதான், பர்மா வழியாகச் சீனாவுக்குப் பொருள் வரும் பர்மா சாலை திறந்திருந்தால் பீரங்கியும் உண்டு. ஆன்சாக்கின் 10 ஒரு போர் விமானத்துக்குச் சரியாகப் போய்விடும்.

## இறங்கும் கோடும் ஏறும் கோடும்

காகிதத்தில் இரண்டு கோடு வரையலாம். ஜப்பானின் கோடு உயரத்தில் தொடங்கும், முதல் சில சுற்றுகளில் இன்னும் ஏறும். சுமத்ரா 4, ஜாவா 4, போர்னியோ 4, செலிபீஸ் 3 என்று அந்த நான்கு தீவுகள் மட்டுமே 15 ஐபிசி. நான்கையும் சேர்த்து வைத்திருந்தால் 5 ஊக்கத்தொகை. மலேயாவில் 3, பிலிப்பைன்ஸில் 2. 26-ல் தொடங்கியவர் நாலைந்து சுற்றில் 50-ஐத் தொட்டுவிடலாம். அதற்குமேல் பிடிக்க எளிதான இடம் மிச்சமில்லை. கோடு தட்டையாகும், பிறகு இறங்கும்.

அமெரிக்காவின் கோடு தாழ்வாகத் தொடங்கி, போரில் இறங்கியதும் திடீரென்று மேலே போகும். போர்க்கால உற்பத்தி என்ற பெயரில் பெரிய ஊக்கத்தொகை கிடைக்கும். இரண்டாம் பதிப்பின்படி மேற்குக் கரையில் உள்ள சிறு தொழிற்சாலையும் பெரிய தொழிற்சாலையாகிவிடும். சிறியதில் ஒரு சுற்றுக்கு 3 காய்கள்தான் இறக்கலாம், பெரியதில் 10.

இது வடிவமைப்பாளரின் கற்பனை இல்லை. 1940 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றம் இரு பெருங்கடல் கடற்படைச் சட்டத்தை நிறைவேற்றியது. அக்காலத்தில் பெருமளவில் கட்டப்பட்ட எசெக்ஸ் வகை விமானந்தாங்கிகளில் முதல் கப்பல் பணியில் சேர்ந்தது 1942 டிசம்பர் கடைசி நாளில். மற்றவை வரிசையாக வந்தது 1943 முதல். அவை வருவதற்குள் வேலையை முடித்தாக வேண்டும் என்பதுதான் ஜப்பானியக் கடற்படையின் கணக்கு.

சுருக்கமாக: இரண்டு கோடுகளும் எங்கோ ஒரு சுற்றில் ஒன்றையொன்று வெட்டும். ஜப்பானின் உத்தி அந்த வெட்டுப்புள்ளியைத் தள்ளிப்போடுவது. நேச நாடுகளின் உத்தி அதை முன்னுக்கு இழுப்பது.

## கடிகாரம் எங்கே இருக்கிறது?

காலவரம்பு இல்லாமல் ஆடினால் நேச நாடுகளே எப்போதும் வெல்லும், காத்திருந்தால் போதும். அதனால் நல்ல பசிபிக் விளையாட்டு ஒவ்வொன்றிலும் எங்கோ ஒரு கடிகாரம் ஒளிந்திருக்கும். வெற்றி விதியைப் படித்தால் அது தெரியும்.

2001-ல் வந்த பழைய 'ஆக்சிஸ் அண்ட் அல்லைஸ் பசிபிக்'கில் அது வெளிப்படையாகவே இருந்தது. ஜப்பான் வருமானமாக ஈட்டும் ஒவ்வொரு 10 ஐபிசிக்கும் ஒரு புள்ளி, 22 புள்ளி சேர்ந்தால் வெற்றி. ஜப்பான் நிலத்தைப் பிடித்துக்கொண்டு பிடிவாதமாக உட்கார்ந்தாலே கடிகாரம் ஓடும். நேச நாடுகள்தான் எழுந்து வந்து அதை நிறுத்த வேண்டும்.

1940 விளையாட்டில் கடிகாரம் மறைமுகமானது. பலகையில் 8 வெற்றி நகரங்கள்: டோக்கியோ, ஷாங்காய், ஹாங்காங், மணிலா, கல்கத்தா, சிட்னி, ஹொனலுலு, சான் பிரான்சிஸ்கோ. இவற்றில் 6-ஐப் பிடித்து ஒரு சுற்று முழுக்க வைத்திருந்தால் ஜப்பானுக்கு வெற்றி. முதல் இரண்டும் தொடக்கத்திலேயே ஜப்பான் வசம். ஹாங்காங்கும் மணிலாவும் கையெட்டும் தூரத்தில், காவலும் சொற்பம். ஆக நான்கு கிடைத்தது போலத்தான். மீதி இரண்டை கல்கத்தா, சிட்னி, ஹொனலுலு மூன்றிலிருந்து எடுக்க வேண்டும். சான் பிரான்சிஸ்கோவைக் கனவிலும் நினைக்க வேண்டாம்.

மொத்த ஆட்டமும் இந்த 'மூன்றில் இரண்டு' என்ற முடிச்சில்தான் நிற்கிறது. கல்கத்தா மேற்கு ஓரத்தில், ஹொனலுலு கிழக்கில், சிட்னி தெற்கே. ஒரே கடற்படை மூன்று திசைக்கும் போக முடியாது. கல்கத்தா விழுந்துவிட்டால் அதன்பின் ஜப்பானுக்கு இன்னும் ஒரு நகரம் போதும். அமெரிக்கா ஹொனலுலு, சிட்னி இரண்டையும் ஒரே நேரத்தில் காக்க வேண்டிய நிலைக்கு வந்துவிடும். கல்கத்தா நிற்கும் ஒவ்வொரு சுற்றும் அமெரிக்காவுக்கு ஒரு சுற்று இலவசம். கல்கத்தாவைக் காக்கும் பிரிட்டனை, அதாவது இந்தியாவை, ஆடுபவர் வெல்ல வேண்டியதில்லை, தாமதமாகத் தோற்றாலே தன் பங்கைச் செய்தவராவார். புதியவர்களுக்கு இந்த நாட்டைக் கொடுத்தால் சலித்துக்கொள்வார்கள். உண்மையில் பலகையில் மிக நுணுக்கமான வேலை அதுதான்.

வரலாற்றிலும் இந்தத் திசைக் குழப்பம் இருந்தது. 1942 ஏப்ரல் 5-ல் கொழும்பையும் 9-ல் திருகோணமலையையும் தாக்கிய ஜப்பானியத் தளபதி நாகுமோவின் படையில் 5 விமானந்தாங்கிகள் இருந்தன. அன்று மட்டக்களப்புக்கு அருகே பிரிட்டனின் ஹெர்மிஸ் விமானந்தாங்கி மூழ்கியது. வெற்றிதான், ஆனால் அந்தக் கப்பல்கள் மறுபடி அத்தனை தூரமும் கடந்து திரும்ப வேண்டியிருந்தது. மே மாதம் பவளக்கடல் சண்டையில் அந்த ஐந்தில் ஒன்றான ஷொகாகு அடிபட்டது, இன்னொன்றான ஸுய்காகு விமானிகளை இழந்தது. ஜூன் 4-ல் மிட்வே தீவருகே நடந்த சண்டையில் நாகுமோவிடம் இருந்தது 4 விமானந்தாங்கிகள் மட்டுமே.

## தூரமும் ஒரு செலவுதான்

புதியவர்கள் கவனிக்கத் தவறுவது இதைத்தான்: ஐபிசி செலவழிக்கும் நாளும் அது எதிரியைத் தொடும் நாளும் வேறு.

கப்பல் ஒரு முறைக்கு 2 கடல் மண்டலம் நகரும். கடற்படைத் தளத்திலிருந்து கிளம்பினால் 3. அமெரிக்கா முதல் சுற்றில் வாங்கும் கப்பல் அந்த முறையின் முடிவில்தான் மேற்குக் கரையில் இறங்கும். இரண்டாம் சுற்றில் ஹவாய் போகும். ஹவாய்த் தளத்திலிருந்து ஜப்பானின் கடல் மண்டலம் சரியாக 3 நகர்வு. அதாவது இன்று கொடுத்த பணம் மூன்றாம் சுற்றில்தான் ஜப்பானை மிரட்டும், அதுவும் வழியில் தடை இல்லையென்றால். ஜப்பான் வாங்கும் கப்பலோ வாங்கிய இடத்திலேயே தற்காப்புக்கு நிற்கிறது. எனவே சம தொகை என்பது சம வலு அல்ல. அமெரிக்காவின் வருமானத்தை இரண்டு சுற்று பின்தள்ளி எண்ணினால்தான் உண்மை நிலவரம் கிடைக்கும்.

ஜப்பானுக்கும் இதே தலைவலி தரைப்படையில் உண்டு. துருப்புக் கப்பல் 7 ஐபிசி, தற்காப்பு எண் பூஜ்யம். ஒரு பயணத்தில் ஒரு காலாட்படையும் கூட ஒரு தரைக் காயும்தான் ஏறும். துணைக்குப் போர்க்கப்பல் இல்லாமல் விட்டால் பகடையே உருட்டாமல் மூழ்கடிக்கலாம். ஜப்பானை ஆடுபவர்கள் பெரும்பாலும் தோற்பது விமானம் போதாமல் அல்ல, துருப்புக் கப்பல் போதாமல்தான். ஆசிய நிலப்பரப்பில் 12 ஐபிசிக்கு ஒரு சிறு தொழிற்சாலை கட்டினால் அங்கேயே 3 காய் இறங்கும், கடல் பயணமே மிச்சம்.

## பகடைக்குள் இருக்கும் கணக்கு

"எல்லாம் பகடை அதிர்ஷ்டம்" என்பது பாதி உண்மை. ஒவ்வொரு காய்க்கும் ஒரு தாக்கு எண், ஒரு தற்காப்பு எண். ஆறுமுகப் பகடையில் அந்த எண்ணோ அதற்குக் கீழோ விழுந்தால் அடி. ஒரு அடிக்கு எதிரியின் ஒரு காய் போகும், எந்தக் காய் என்பதை அடிபட்டவரே தேர்ந்தெடுப்பார். காலாட்படை தாக்கினால் 1, தற்காத்தால் 2, விலை 3. பீரங்கி 2, 2, விலை 4. ஒவ்வொரு பீரங்கியும் கூட நிற்கும் ஒரு காலாட்படையின் தாக்கு எண்ணை 2 ஆக்கும். போர் விமானம் 3, 4, விலை 10.

எதிர்பார்க்கும் அடியைக் கண்டுபிடிக்க எண்களைக் கூட்டி 6-ஆல் வகுத்தால் போதும்.

கல்கத்தாவில் 8 காலாட்படை, 1 போர் விமானம் நிற்பதாக வைத்துக்கொள்வோம், விமான எதிர்ப்புப் பீரங்கி இல்லை. தற்காப்பு எண்களின் கூட்டுத்தொகை 16 + 4 = 20, காய்கள் 9. ஜப்பான் 6 காலாட்படை, 2 பீரங்கி, 4 போர் விமானத்துடன் வருகிறது. பீரங்கியின் துணையால் இரண்டு காலாட்படை 2 வீதம் 4, மற்ற நான்கும் 4, பீரங்கிகள் 4, விமானங்கள் 12, மொத்தம் 24. காய்கள் 12.

முதல் உருட்டில் ஜப்பானுக்கு 4 அடி, இந்தியாவுக்குச் சுமார் 3 அடி. இந்தியா 5 காயாகச் சுருங்கும், ஜப்பானிடம் 9 மிஞ்சும். இரண்டாம் உருட்டில் இந்தியா ஒன்றிரண்டு காயாகும். மூன்றாவதில் முடிந்துவிடும். ஜப்பானிடம் நான்கு விமானமும் இரண்டு தரைக் காயும் மிஞ்சி, நகரம் கைமாறும்.

இப்போது 6 ஐபிசி கூட்டி இந்தியாவில் மேலும் 2 காலாட்படை வையுங்கள். தற்காப்பு 24, காய்கள் 11. முதல் உருட்டில் இரு தரப்பும் 4 அடி. ஜப்பான் 8, இந்தியா 7. இரண்டாவதில் ஜப்பானுக்குச் சுமார் 5, இந்தியாவுக்கு 4 மிஞ்சும். ஜப்பானின் அந்த ஐந்தில் நான்கு விமானம், தரைக் காய் ஒன்றே ஒன்று. மூன்றாம் உருட்டில் அதுவும் போனால் வானில் விமானங்கள் வட்டமிடும், நகரத்தைப் பிடிக்க ஆள் இருக்காது. நிலத்தைக் கைப்பற்ற ஒரு தரைக் காயாவது உயிரோடு இருந்தாக வேண்டும். அதைக் காப்பாற்ற 10 ஐபிசி விமானங்களைப் பலி கொடுக்க வேண்டிவரும்.

வெறும் 6 ஐபிசி இவ்வளவு மாற்றுவது ஏன்? கூடுதல் காய் இரண்டு வேலை செய்கிறது: தானும் அடிக்கிறது, மற்றவர் மேல் விழ வேண்டிய அடியையும் வாங்குகிறது. எனவே ஒரு படையின் மதிப்பை 'எண்களின் கூட்டுத்தொகை × காய்களின் எண்ணிக்கை' என்று தோராயமாக அளக்கலாம். இதன் வேர் பிரிட்டிஷ் பொறியாளர் ஃபிரெடெரிக் லான்செஸ்டர் 1916-ல் எழுதிய போர்க் கணக்கில் இருக்கிறது. முதல் சண்டையில் 288-க்கு 180, இரண்டாவதில் 288-க்கு 264.

கடலிலும் இதே அளவுகோல்தான். 36 ஐபிசிக்கு 6 நீர்மூழ்கி வாங்கினால் தாக்கு எண் 12, அடி தாங்கும் அளவு 6. அதே பணத்துக்கு ஒரு விமானந்தாங்கியும் 2 போர் விமானமும் வாங்கினால் தாக்கு எண் 6, தற்காப்பு எண் 10, அடி தாங்கும் அளவு 4, ஏனென்றால் விமானந்தாங்கி இரண்டு அடி தாங்கும். ஆக, போய் அடிக்க நீர்மூழ்கி, நின்று காக்க விமானந்தாங்கி. நீர்மூழ்கியால் விமானத்தை அடிக்க முடியாது. நாசகாரிக் கப்பல் கூட இல்லாவிட்டால் விமானத்தாலும் நீர்மூழ்கியை அடிக்க முடியாது. 20 ஐபிசி விலையுள்ள 'பேட்டில்ஷிப்' என்ற பெரிய போர்க்கப்பல் பார்க்க அழகு, கணக்கில் நஷ்டம். ஏற்கெனவே இருப்பதை வைத்துக்கொள்ளுங்கள், புதிதாக வாங்காதீர்கள்.

சுருக்கமாக: சண்டையில் பணம் நேர்கோட்டில் வேலை செய்வதில்லை. கொஞ்சம் கூடுதல் நிறைய மாற்றும். சிதறினால் அதே அளவு கெடுக்கும்.

## எப்போது அடிப்பது?

ஜப்பான் முதல் சுற்றிலேயே போர் தொடுத்தால் ஆட்டக்காரர்கள் அதை ஜே1 என்பார்கள். இரண்டாம் சுற்றில் ஜே2, மூன்றாவதில் ஜே3. ஜப்பான் அமெரிக்காவையோ பிரிட்டனையோ ஆன்சாக்கையோ தொடாதவரை அமெரிக்கா தன் மூன்றாம் முறையின் இறுதிவரை போரில் இறங்க முடியாது. அதுவரை பெரிய தொழிற்சாலையும் இல்லை, ஊக்கத்தொகையும் இல்லை. கூடவே ஜப்பானுக்கு வர்த்தகப் பணமாகச் சுற்றுக்கு 10 ஐபிசி. பிரெஞ்சு இந்தோசீனாவைத் தாக்கினால் இந்த 10 போய்விடும். 1941 ஜூலையில் ஜப்பான் தென் இந்தோசீனாவுக்குள் நுழைந்ததும் அமெரிக்கா எண்ணெயை நிறுத்தியதன் நிழல் இது.

அப்படியானால் காத்திருப்பதே மேல் அல்லவா? அல்ல. ஜப்பான் காத்திருக்கும் வரை பிரிட்டன் கல்கத்தாவில் ஆள் சேர்க்கும், சுமத்ராவிலோ ஜாவாவிலோ சண்டையின்றி நுழைந்து வருமானத்தையும் கூட்டும். மேலே பார்த்த கணக்கில் இரண்டு காலாட்படையே தீர்ப்பை மாற்றியது. ஜே1 பலகையை வேகமாகத் திறக்கிறது, ஆனால் அமெரிக்காவை மூன்று சுற்று முன்னதாக எழுப்புகிறது. ஜே3 பணத்தைச் சேர்க்கிறது, ஆனால் எதிரியைத் தயாராக்குகிறது. ஜே2 இடைவழி என்று தோன்றும். துருப்புக் கப்பல்களை முதல் சுற்றிலேயே வாங்கித் தென்சீனக் கடல் பக்கம் நிறுத்தியிருந்தால் மட்டுமே அது பலிக்கும்.

## சமநிலை கெட்டிருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

இரண்டு ஆட்டம் தோற்றுவிட்டு "இது ஜப்பானுக்குச் சாதகம்" என்பது அவசரம். முற்றிலும் சமமான விளையாட்டிலேயே 10 ஆட்டத்தில் ஏதாவது ஒரு தரப்பு 7 அல்லது அதற்கு மேல் வெல்ல ஏறத்தாழ 34 சதவீத வாய்ப்பு உண்டு, மூன்றில் ஒரு பங்கு! உங்கள் குழுவின் ஒரு வருட அனுபவம்கூட எதையும் நிரூபிக்காமல் போகலாம். பக்கம் மாற்றி ஆடுங்கள். யார் ஆடினாலும் ஒரே தரப்பு வென்றால் அப்போது சந்தேகப்படலாம்.

சந்தேகம் உறுதியானால் மருந்து விதியை மாற்றுவதல்ல, ஏலம். ஜப்பான் வலுவானது என்று இருவரும் கருதினால் நேச நாடுகளை யார் ஆடுவது என்று ஏலம் விடுங்கள். ஒருவர் 12 ஐபிசி கூடுதலாகக் கொடுத்தால் ஆடுகிறேன் என்பார், மற்றவர் 9 போதும் என்பார். இறங்கி இறங்கி யார் மிகக் குறைவாகக் கேட்கிறாரோ அவருக்கு நேச நாடுகள். அந்தத் தொகைக்கு ஆட்டம் தொடங்கும் முன்பே காய்கள் வைத்துக்கொள்ளலாம். 1977-ல் அவலான் ஹில் வெளியிட்ட 'விக்டரி இன் த பசிபிக்' ஆட்டக்காரர்களும் பக்கத்தைப் புள்ளி ஏலத்தால்தான் தீர்மானிப்பார்கள். அங்கே ஐபிசிக்குப் பதில் கட்டுப்பாட்டுப் புள்ளிகள்.

ஏலத்தில் வென்ற தொகையை எங்கே வைப்பது என்பதற்கும் வரம்பு வேண்டும். வழக்கமான ஏற்பாடு: ஏற்கெனவே உங்கள் காய் இருக்கும் இடத்தில் மட்டும், ஓர் இடத்துக்கு ஒரு காய். இந்த வரம்பு இல்லாவிட்டால் மொத்தத்தையும் ஒரே இடத்தில் குவித்து ஜப்பானின் முதல் தாக்குதலையே முறித்துவிடலாம். வரம்போடு பார்த்தால் 6 ஐபிசிக்கு யுன்னானில் ஒரு சீனக் காலாட்படை, கல்கத்தாவில் ஒரு காலாட்படை என்று பிரிக்கலாம். அல்லது ஆன்சாக் கப்பல் நிற்கும் மண்டலத்தில் ஒரு நீர்மூழ்கி வைக்கலாம். யுன்னான் காலாட்படை பர்மா சாலையை ஒரு சுற்று கூடுதலாகத் திறந்து வைக்கலாம். அந்தச் சாலை திறந்திருக்கும் சுற்றில் சீனாவுக்கு 6 ஐபிசி, பீரங்கி வாங்கும் உரிமையும். நீர்மூழ்கியோ ஜாவா பக்கம் வரும் துருப்புக் கப்பல்களுக்குக் காவலாக ஜப்பானை ஒரு நாசகாரியைப் பிரித்து அனுப்ப வைக்கும்.